குறைவாகப் பறந்த விமானம் என்றால் நல்ல விமானமா?

கேள்வி: கோவையில் பம்ப்செட் தயாரிக்கும் குடும்ப நிறுவனம் எங்களுடையது. ராஜ்கோட்டில் ஒரு ஃபவுண்டரி, ஹூப்ளியிலும் விஜயவாடாவிலும் குடோன்கள். மாதம் நான்கைந்து முறை ஐந்தாறு பேர் சேர்ந்து போய்வர வேண்டியிருக்கிறது. மாறி மாறி விமானம் பிடிப்பதில் ஒவ்வொரு தடவையும் இரண்டு நாள் போய்விடுகிறது. இப்போது ஒரு கிங் ஏர் பி200 விமானம் விலைக்கு வந்திருக்கிறது. 2006 தயாரிப்பு, இந்தியப் பதிவு, மொத்தமே 2,400 மணி நேரம்தான் பறந்திருக்கிறது, இன்ஜின்கள் ஒரிஜினல். கடலோர நகரம் ஒன்றில் மூன்று வருடமாக ஹேங்கரில் நிற்கிறது. மாதம் ஒரு தடவை இன்ஜினை ஓட்டி வைக்கிறார்களாம். நேரில் போய்ப் பார்த்தோம், புதுசு மாதிரியே இருக்கிறது. பெரியப்பா வீட்டு அண்ணன் அட்வான்ஸ் கொடுத்துவிடலாம் என்கிறார். நண்பர் ஒருவரோ, அமெரிக்காவில் 1980களின் பி200 இதைவிட மிகக் குறைந்த விலைக்குக் கிடைக்கும் என்கிறார். எது சரி? எங்களுக்குத் தேவைப்படாத நாட்களில் வாடகைக்கு விட்டுச் செலவை ஈடுகட்ட முடியுமா?
— வாசகர், கோவை

அன்புள்ள ஐயா,

அட்வான்ஸ் இப்போது வேண்டாம் என்று உங்கள் அண்ணனிடம் சொல்லிவிடுங்கள். விமானம் மோசம் என்று நான் சொல்ல வரவில்லை. அதை இன்னும் யாரும் திறந்தே பார்க்கவில்லை. நீங்கள் பார்த்தது பெயின்டையும் சீட்டையும்தான்.

கிங் ஏரைத் தேர்ந்தெடுத்தது நல்ல முடிவு. அந்தக் குடும்பத்தின் முதல் விமானம் 1964இல் பறந்தது. நீங்கள் பார்க்கும் 200 வரிசை 1972 அக்டோபரில் முதல் முறை பறந்து, 1981இல் பி200 ஆனது. அதன் வாரிசுகளை இன்றும் தயாரிக்கிறார்கள். பழைய டர்போப்ராப் (டர்பைன் இன்ஜினால் புரொப்பெல்லரைச் சுற்றும் விமானம்) வாங்குகிறவருக்கு இதைவிடப் பெரிய ஆறுதல் கிடையாது. மிட்சுபிஷி எம்யு-2, பைப்பர் ஷையென், செஸ்னா கான்க்வெஸ்ட் எல்லாமே திறமையான விமானங்கள். ஆனால் உற்பத்தி நின்று பல பத்தாண்டுகள் ஆகின்றன. ஒரு சின்ன வால்வுக்காக மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டியிருக்கும், கைதேர்ந்த ஏஎம்இயை, அதாவது விமானப் பராமரிப்புப் பொறியாளரை, தேட வேண்டியிருக்கும். கிங் ஏருக்கு அந்தக் கஷ்டம் இல்லை. நம் மாநில அரசுகள், எல்லைக் காவல் படை, ஏர் ஆம்புலன்ஸ் நிறுவனங்கள் என்று நாடு முழுக்க ஓடிக்கொண்டிருக்கும் விமானம் இது. பாகமும் கிடைக்கும், ஆளும் கிடைப்பார்கள்.

விற்பவர் 2,400 மணி நேரம் என்பதைப் பெருமையாகச் சொல்லியிருக்கிறார். உங்கள் கடிதத்தில் எனக்கு முதலில் கண்ணில் பட்டதோ "மூன்று வருடமாக நிற்கிறது" என்ற வரி. கார் வாங்கும்போது கிலோமீட்டர் குறைவாக இருந்தால் சந்தோஷப்படுகிறோம். அந்தப் பழக்கத்தில்தான் விமானத்திலும் மணி நேரத்தைப் பார்க்கிறோம். டர்பைன் விமானத்தின் உடம்பைக் கெடுப்பதில் பறப்பதைவிடச் சும்மா நிற்பதற்குப் பங்கு அதிகம். வருடம் 300, 400 மணி நேரம் ஒழுங்காகப் பறந்து, ஒரே பட்டறையில் பராமரிக்கப்பட்ட 6,000 மணி நேர பி200 ஒன்றும், உங்கள் 2,400 மணி நேர விமானமும் ஒரே விலைக்கு வந்தால், நான் கண்ணை மூடிக்கொண்டு 6,000 மணி நேரத்தைத்தான் எடுப்பேன்.

காரணத்தைச் சொல்கிறேன். இந்த விமானத்தில் பல வேலைகளுக்கு இரண்டு கெடு உண்டு. பறந்த கணக்கில் ஒன்று, காலண்டர் கணக்கில் ஒன்று. எது முதலில் வருகிறதோ அதுதான் செல்லும். லேண்டிங் கியரை (சக்கரத் தொகுதி) முழுதாகப் பிரித்துச் சரிசெய்யும் ஓவர்ஹாலுக்கு 8,000 தரையிறக்கம் அல்லது 6 வருடம். உங்கள் விமானம் 8,000 தரையிறக்கத்தை நெருங்கியே இருக்காது, அதனால் காலண்டர்தான் பேசும். 2006இல் தொடங்கி எண்ணிப் பாருங்கள்: 2012, 2018, 2024. கடைசித் தவணை, விமானம் ஹேங்கரில் நிற்கும்போது வந்திருக்கிறது. பறக்காத விமானத்துக்கு யாரும் கியரைக் கழற்றி ஓவர்ஹாலுக்கு அனுப்ப மாட்டார்கள். அந்தச் செலவு உங்கள் தலையில் காத்திருக்கிறது என்றே வைத்துக்கொள்ளுங்கள். புரொப்பெல்லருக்கும் அதே 6 வருடக் கணக்குதான். இறக்கையை உடம்போடு சேர்த்துப் பிடித்திருக்கும் போல்ட்டுகளை 5 வருடத்துக்கு ஒரு முறை கழற்றிச் சோதிக்க வேண்டும், 15 வருடத்தில் மாற்றியே ஆக வேண்டும். 2006 விமானம் என்றால் 2021இல் புது போல்ட் போட்டிருக்க வேண்டும். லாக் புக்கில் அந்தப் பதிவு எங்கே, எந்தப் பட்டறை செய்தது, போல்ட்டின் ரிலீஸ் சர்டிஃபிகேட் (பாகம் தகுதியானது என்ற சான்று) இருக்கிறதா என்று கேளுங்கள். "அதெல்லாம் செய்திருப்பாங்க சார்" என்ற பதில் போதாது. காகிதம் இல்லையென்றால் அந்த வேலை நடக்கவில்லை என்றுதான் சட்டம் எடுத்துக்கொள்ளும், நானும் அப்படித்தான் எடுத்துக்கொள்வேன்.

இதற்கு மேல், விமானத்தைப் பகுதி பகுதியாகச் சோதிக்கும் வழக்கமான பேஸ் இன்ஸ்பெக்‌ஷன்கள். 200 மணி நேரத்துக்கு ஒன்று வீதம் நான்கு, பறந்தாலும் பறக்காவிட்டாலும் 24 மாதத்துக்குள் நான்கும் முடிய வேண்டும். ஆக்சிஜன் சிலிண்டர், தீயணைப்பு பாட்டில், ரப்பர் ஹோஸ்கள், இறக்கையின் முன்விளிம்பில் ஒட்டியிருக்கும், பனிக்கட்டியை உடைத்து உதிர்க்கும் டீ-ஐஸ் பூட் எல்லாவற்றுக்கும் வயது ஏறிக்கொண்டேதான் இருக்கும். நம் ஊர் வெயிலில் அந்தக் கறுப்பு ரப்பர் பூட்டில் பொடிப்பொடியாக வெடிப்பு விழும். அடுத்த முறை போகும்போது கிட்டப் போய் விரலால் லேசாக அழுத்திப் பாருங்கள், தெரிந்துவிடும்.

இனி இன்ஜின். பணம் மொத்தமாகப் போவதும் மிஞ்சுவதும் இங்கேதான்.

பி200இல் இருப்பது பிராட் அண்ட் விட்னியின் பிடி6ஏ-42, ஒவ்வொன்றும் 850 குதிரைத்திறன். ஓவர்ஹால் கெடு 3,600 மணி நேரம், நடுவில் 1,800இல் சூடான பகுதியை மட்டும் திறந்து பார்க்கும் ஹாட் செக்‌ஷன் இன்ஸ்பெக்‌ஷன். 2,400 மணி நேரத்தில் நிற்கிறது என்றால் காகிதத்தில் 1,200 மணி நேரம் பாக்கி. உங்கள் பயணக் கணக்குக்கு நான்கைந்து வருடம் ஓடும்போலத் தோன்றும். ஆனால் அந்த 1,200, இன்ஜின் ஆரோக்கியமாக இருந்தால் மட்டுமே உங்களுக்குச் சொந்தம். ஒரு இன்ஜின் ஓவர்ஹாலே கோடிக்கணக்கில் போகும். இரண்டும் ஒன்றாக வந்தால், விமானம் வாங்கிய விலைக்கே அது சவால் விடும்.

உப்புக் காற்று என்ன செய்யும் என்று பாருங்கள். கடலோரக் காற்றில் இருக்கும் உப்பும் எரிபொருளில் இருக்கும் கந்தகமும் டர்பைனின் சூட்டில் சேரும்போது பிளேடின் மேல்பூச்சைத் தின்ன ஆரம்பிக்கும். சல்ஃபிடேஷன் என்போம். முதலில் பிளேடின் முகம் சொரசொரப்பாகும். பிறகு கொப்புளம் போல எழும்பும், அப்புறம் தகடு தகடாக உரியும். உரிந்த நிலைக்கு வந்துவிட்டால் சரிசெய்ய வழியில்லை, பிளேடை மாற்ற வேண்டியதுதான். இதைத் தடுக்கத்தான் கடலோரத்தில் இருக்கும் இன்ஜின்களை நல்ல தண்ணீரால் அடிக்கடி கம்ப்ரசர் வாஷ் செய்கிறோம்.

மாதம் ஒரு தடவை ஓட்டி வைப்பதைப் பற்றி எழுதியிருக்கிறீர்கள். செய்தவர்கள் நல்லெண்ணத்தில்தான் செய்திருப்பார்கள். ஆனால் நிற்கும் இன்ஜினைக் காப்பதற்கு உற்பத்தியாளர் தனி முறையே எழுதி வைத்திருக்கிறார். ஒரு வாரம் வரை ஒரு விதி, 28 நாள் வரை ஒன்று, 90 நாள் வரை ஒன்று, அதற்கு மேல் இன்னொன்று. இன்ஜினின் காற்று வாயை மூடுவது, ஈரம் உறிஞ்சும் பைகள் வைப்பது, நாள் கூடக்கூட எரிபொருள் பாதைக்குள் காப்பு எண்ணெய் செலுத்துவது என்று போகும். இதைச் செய்திருந்தால் லாக் புக்கில் தேதியோடு இருக்கும். அதைச் செய்யாமல் மாதம் ஒரு முறை ஐந்து பத்து நிமிடம் ஓட்டி, பிறகு வாஷும் செய்யாமல் மூடி வைத்திருந்தால், ஒவ்வொரு முறையும் கொஞ்சம் உப்புக் காற்றை உள்ளே இழுத்துப் பூட்டியிருக்கிறார்கள் என்று அர்த்தம். எத்தனை முறை ஓட்டினார்கள், அன்று வாஷ் நடந்ததா என்ற பதிவைக் கேளுங்கள்.

இன்ஜினை இறக்காமலேயே பாதி உண்மையைப் பார்த்துவிடலாம். பிடி6இல் எரிபொருள் நாசில்கள் 14 உண்டு. அவற்றில் சிலவற்றைக் கழற்றி அந்த ஓட்டை வழியாக போரோஸ்கோப் (உள்ளே விடும் சின்னக் கேமரா) விட்டால் எரியறை, வேன் ரிங் (சூடான காற்றை பிளேடுகள் மேல் திருப்பும் வளையம்), கம்ப்ரசர் டர்பைன் பிளேடுகள் எல்லாம் திரையில் தெரியும். ஒவ்வொரு பிளேடையும் வீடியோ எடுக்கச் சொல்லுங்கள். சில ஃபோட்டோக்களை மட்டும் அனுப்பினால் வாங்கிக்கொள்ளாதீர்கள். பிறகு இன்ஜினை ஓட்டச் சொல்லி, ஸ்டார்ட் ஆகும்போது ஐடிடி (டர்பைன்களுக்கு இடையிலான வெப்பநிலை) எவ்வளவு உயரம் போகிறது என்று நீங்களே காக்பிட்டில் நின்று பாருங்கள். ஸ்டார்ட்டுக்கு அதிகபட்சம் 1,000 டிகிரி, அதுவும் ஐந்து வினாடிதான் அனுமதி. வழக்கமான ஓட்டத்தில் 800. நல்ல பேட்டரியோடு நல்ல இன்ஜின் இந்த எல்லையின் பக்கமே வராது. இரண்டு இன்ஜினையும் ஒரே டார்க்கில் (முறுக்கு விசை) வைத்து, ஐடிடி, என்ஜி (கம்ப்ரசரின் சுற்று வேகம்), எரிபொருள் ஓட்டம் மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதுங்கள். ஒன்று மற்றதைவிடக் கணிசமாகச் சூடாக ஓடினால் காரணம் கேட்க வேண்டும். பறந்த காலத்தில் இந்த அளவுகள் எப்படி மாறின என்று காட்டும் டிரெண்ட் பதிவுகள் இருந்தால் இன்னும் நல்லது.

இன்ஜினை நிறுத்தும்போது பேச்சை நிறுத்திவிட்டு வெளியே நின்று காது கொடுங்கள். கம்ப்ரசர் மெல்ல மெல்லச் சீராக ஓய வேண்டும். சட்டென்று நின்றாலோ, உரசும் சத்தம் வந்தாலோ உள்ளே ஏதோ தொடுகிறது. நன்றாக ஆறிய பிறகு புரொப்பெல்லரைக் கையால் சுற்றச் சொல்லிக் கேளுங்கள். இந்த இன்ஜினில் புரொப்பெல்லரோடு சுற்றுவது பவர் டர்பைனும் கியர்பாக்ஸும் மட்டும்தான், கம்ப்ரசர் தனி. அதனால் இரண்டையும் தனித்தனியாகத்தான் கேட்க வேண்டும். பல வருடம் இந்த வேலை செய்த ஏஎம்இ ஒருவரைப் பக்கத்தில் நிறுத்திக்கொண்டால் அவர் முகத்திலேயே உங்களுக்குப் பதில் கிடைத்துவிடும்.

அடுத்தது கேபின் தரைக்கு அடியில். இந்த விமானம் எப்போதாவது ஏர் ஆம்புலன்ஸாக ஓடியிருக்கிறதா என்று விசாரியுங்கள். நான் சோதித்த ஒரு கிங் ஏரில் உள்ளே அத்தனை அழகு. தோல் சீட், பளபளக்கும் மேஜை. ஸ்ட்ரெச்சர் இருந்த இடத்தில் கார்ப்பெட்டை உரித்து ஃப்ளோர் பேனலைத் தூக்கினோம். சீட் தண்டவாளம் நெடுக வெள்ளைப் பொடி. ஸ்க்ரூடிரைவர் முனையால் சுரண்டினால் அலுமினியம் அடுக்கடுக்காகக் கழன்று வந்தது. சலைனும் மற்றதும் வருடக்கணக்கில் கசிந்து கீழே தேங்கியிருந்திருக்கிறது. மேலே புதுக் கார்ப்பெட் போட்டவர்களுக்கு அது தெரியாமல் இருந்திருக்காது. கழிவறைப் பக்கம், பேட்டரிப் பெட்டியின் சுற்றுப்புறம், படிக்கதவின் அடிப்பக்கம், இவையும் அப்படிப்பட்ட இடங்கள்தான். கேபினுக்கு உள்ளேயும் வெளியேயும் 6.5 பிஎஸ்ஐ வரை காற்றழுத்த வித்தியாசத்தைத் தாங்க வேண்டிய உடம்பு இது. அரிப்பு எங்கே இருக்கிறது என்பது அழகு சம்பந்தப்பட்ட விஷயம் இல்லை. பேனலைத் தூக்க விற்பவர் சம்மதிக்காவிட்டால் அங்கேயே கை குலுக்கிவிட்டுத் திரும்பி வந்துவிடுங்கள்.

எரிபொருள் டாங்கையும் மறக்க வேண்டாம். ஈரமும் வெப்பமும் சேர்ந்த இடத்தில் மூன்று வருடம் நின்ற ஏடிஎஃப் என்ற விமான எரிபொருளில் பூஞ்சையும் பாக்டீரியாவும் வளரும். டிரெயினில் பிடித்துப் பார்த்தால் அடியில் பழுப்பாகச் சளி போல வரும். வந்தால் டாங்க் சுத்தம், ஃபில்டர்கள், அளவு காட்டும் புரோப்கள் என்று வேலை நீளும்.

இந்தச் சோதனையை எங்கே செய்வது? இதுவரை அந்த விமானத்தைப் பராமரித்த பட்டறையில் வேண்டாம். அவர்கள் நேர்மையானவர்களாகவே இருக்கலாம், ஆனால் தாங்கள் கையெழுத்துப் போட்ட வேலையைத் தாங்களே குறை சொல்ல யாருக்கும் மனம் வராது. கிங் ஏருக்கு டிஜிசிஏவின் (விமானப் போக்குவரத்துத் தலைமை இயக்குநரகம்) சிஏஆர்-145 என்ற பராமரிப்பு அங்கீகாரம் உள்ள வேறு பட்டறைக்குக் கொண்டுபோகச் சொல்லுங்கள். மூன்று வருடம் நின்றதால் ஏர்வொர்தினஸ் ரெவ்யூ சர்டிஃபிகேட் (பறக்கும் தகுதியைச் சரிபார்த்த சான்று) காலாவதியாகியிருக்கும். விமானத்தை நகர்த்தவே டிஜிசிஏவிடம் சிறப்பு அனுமதி வாங்க வேண்டும், அதற்கு முன் பறக்கத் தகுதியாகச் செய்ய வேண்டிய வேலைகள் இருக்கும். அந்தச் செலவு விற்பவருடையது என்று முதல் கடிதத்திலேயே எழுதிவிடுங்கள். முன்பணம் கட்டாயம் என்றால் மூன்றாவது ஒருவரிடம், சோதனையில் திருப்தி இல்லாவிட்டால் முழுதாகத் திரும்பும் நிபந்தனையோடு மட்டும் வையுங்கள். சோதனையில் வரும் குறைகளில் பறக்கும் தகுதியைப் பாதிப்பவற்றை விற்பவர் சரிசெய்ய வேண்டும் அல்லது விலையில் கழிக்க வேண்டும் என்பதும் அந்தக் கடிதத்திலேயே இருக்கட்டும். பிறகு வாய்ச்சண்டைக்கு இடம் இராது.

விமானத்தின் மேல் கடன் இருக்கிறதா என்பதை வக்கீல் பார்க்க வேண்டும். விற்கும் கம்பெனியின் மேல் கம்பெனிப் பதிவாளரிடம் சார்ஜ் (கடனுக்கான அடமான உரிமை) பதிவாகியிருக்கிறதா, கேப் டவுன் உடன்படிக்கையின் கீழ் இயங்கும் சர்வதேசப் பதிவேட்டில் யாருடைய உரிமையாவது பதிவாகியிருக்கிறதா, ஐடெரா (விமானத்தின் பதிவை நீக்கி எடுத்துப்போகக் கடன் கொடுத்தவருக்குத் தரும் அதிகாரம்) கொடுத்திருக்கிறார்களா, மூன்று வருட பார்க்கிங், ஹேங்கர் வாடகை பாக்கி இருக்கிறதா என்று எல்லாவற்றையும் கேட்க வேண்டும். மூன்று வருடமாக ஒரு கம்பெனி தன் விமானத்தைப் பறக்கவிடாமல் வைத்திருந்தால் பின்னால் பணக் கஷ்டம் இருக்கப் பெரும்பாலும் வாய்ப்புண்டு.

நண்பர் சொன்ன அமெரிக்க விமானத்துக்கு வருகிறேன். விலை குறைவு என்று அவர் சொல்வது உண்மை. ஆனால் வெளிநாட்டிலிருந்து கொண்டுவரும் பழைய விமானத்துக்கு டிஜிசிஏ வயது வரம்பு வைத்திருக்கிறது. அவ்வப்போது திருத்தினாலும் 1980களின் விமானம் அதற்கு வெகு தூரம் வெளியேதான் நிற்கும். வயது ஒத்துவரும் வேறொரு அமெரிக்க விமானம் கிடைத்தாலும் ஒன்றைக் கவனியுங்கள். அங்கே சொந்த உபயோகத்தில் ஓடும் விமானத்துக்கு உற்பத்தியாளரின் ஓவர்ஹால் கெடு கட்டாயம் இல்லை. சட்டப்படியே 3,600ஐத் தாண்டி ஓடும் இன்ஜின்கள் அங்கே ஏராளம். அங்கே பறக்கலாம், இங்கே பதிவு செய்யப் போகும்போது அது உங்கள் பிரச்சினை. எக்ஸ்போர்ட் சர்டிஃபிகேட், ஒவ்வொரு மாறுதலுக்குமான எஸ்டிசி (மாறுதலுக்குத் தந்த அங்கீகாரம்) காகிதங்கள் எல்லாம் சேர்ந்து வந்தால்தான் விடி என்று தொடங்கும் இந்தியப் பதிவு கிடைக்கும். முதல் முறை வாங்குகிற உங்களுக்கு இந்த வழி வேண்டாம் என்பது என் அபிப்பிராயம். இந்தியப் பதிவிலேயே, இன்று பறந்துகொண்டிருக்கும் விமானத்தைத் தேடுங்கள்.

வாடகைக்கு விடுவது பற்றி. தனியார் உபயோகத்தில் பதிவான விமானத்தில் ஒரு ரூபாய்கூட வாங்கி யாரையும் ஏற்றக் கூடாது. வாடகைக்கு ஓட்ட நான்-ஷெட்யூல்டு ஆபரேட்டர் பர்மிட் (அட்டவணை இல்லாமல் வாடகைக்குப் பறக்கும் உரிமம்) வேண்டும். அதற்கென்று தனி அமைப்பு, பொறுப்பு மேலாளர், பாதுகாப்பு மேலாளர், பயிற்சிக் கையேடுகள் என்று சின்ன ஏர்லைனையே நடத்த வேண்டும். பம்ப் கம்பெனிக்கு அது வேண்டாத தலைவலி. ஏற்கெனவே பர்மிட் உள்ள நிறுவனத்திடம் லீஸுக்குக் கொடுத்து, உங்களுக்கு வேண்டிய நாளில் நீங்களும் எடுத்துக்கொள்ளலாம், பலர் அப்படிச் செய்கிறார்கள். ஆனால் திருமண சீசனிலும் தேர்தல் நேரத்திலும் உங்களுக்கும் வேண்டும், வாடகைக்காரருக்கும் வேண்டும். வாடகை வருமானத்தை நம்பி வாங்கும் முடிவை எடுக்காதீர்கள். வந்தால் ஹேங்கர் வாடகைக்கு ஆகட்டும் என்ற அளவில் வையுங்கள்.

வரியைப் பற்றி உங்கள் ஆடிட்டரிடம் எழுத்தில் வாங்குங்கள். 2025 செப்டம்பர் 22 முதல் சொந்த உபயோகத்துக்கான விமானத்துக்கு ஜிஎஸ்டி 40 சதவீதம், மற்ற விமானத்துக்கு 5. நீங்கள் எந்தப் பக்கம் விழுகிறீர்கள், பழைய விமானத்தை இந்தியக் கம்பெனியிடமிருந்து வாங்கும்போது எந்த மதிப்பின் மேல் வரி, கட்டிய வரியை உள்ளீட்டு வரியாக எடுக்க முடியுமா, மூன்றும் தனித்தனிக் கேள்விகள். விலை பேசி முடித்த பிறகு கேட்டால் பயன் இல்லை.

இந்த விமானம் உங்கள் வேலைக்கு ஆகுமா என்பதையும் பார்க்க வேண்டும். பி200இன் அதிகபட்ச டேக்-ஆஃப் எடை 5,670 கிலோ. டாங்க் முழுக்க நிரப்பினால் எரிபொருளே சுமார் 1,650 கிலோ. பைலட் இருவரையும் சேர்த்த வெற்று எடையோடு கூட்டினால், பின்னால் ஒருவர் இருவருக்கு மேல் உட்கார இடம் இருந்தாலும் எடை அனுமதிக்காது. ஆறு பேரும் பைகளும் என்றால் எரிபொருளைக் குறைத்துத்தான் ஏற்ற வேண்டும். கோவையிலிருந்து ராஜ்கோட் நேர்கோட்டில் சுமார் 1,400 கிலோமீட்டர். மணிக்கு 500 கிலோமீட்டர் வேகத்தில் மூன்று மணி நேரம். ஆறு பேரோடு இறங்காமல் போகலாம், எதிர்க்காற்று பலமாக இருக்கும் நாளில் பைலட் யோசிப்பார். ஹூப்ளியும் விஜயவாடாவும் இந்த விமானத்துக்கென்றே அளவெடுத்த தூரங்கள். டெல்லிக்கு ஆறு பேர் என்றால் நடுவில் இறங்கி நிரப்ப வேண்டியிருக்கும். விற்பவரிடம் கடைசியாக எடை போட்ட அறிக்கையைக் கேட்டு வாங்குங்கள். இந்த வயது விமானங்களில் ஒவ்வொரு மாறுதலிலும் கொஞ்சம் கொஞ்சமாக எடை ஏறியிருக்கும். ஆர்விஎஸ்எம் (விமானங்களுக்கு இடையே குறைந்த உயர இடைவெளியில் பறக்கும்) அங்கீகாரம் இருக்கிறதா என்றும் கேளுங்கள். இல்லாவிட்டால் 28,000 அடிக்கு மேல் போக முடியாது. மழைக்காலத்தில் மேகத்துக்கு மேலே ஏற வழியில்லாமல் சுற்றிப் போக வேண்டியிருக்கும்.

பைலட் விஷயத்தில் மட்டும் சிக்கனம் பார்க்காதீர்கள் என்று கையெடுத்துக் கேட்டுக்கொள்கிறேன். ஒரு பைலட் ஓட்டலாம் என்று சான்றிதழ் பெற்ற விமானம்தான் பி200. இருந்தாலும் இருவர் வேண்டும், இருவரும் சிமுலேட்டரில் தவறாமல் பயிற்சி எடுக்க வேண்டும். 2015 டிசம்பர் 22 அன்று டெல்லியில் எல்லைக் காவல் படையின் பி200 ஒன்று கிளம்பிய சில நிமிடங்களில் துவாரகா பக்கம் விழுந்து பத்துப் பேர் இறந்தார்கள். இன்ஜின் பழுது என்றுதான் பலரும் நினைத்தார்கள். விசாரணை சொன்னது வேறு. பனிமூட்டத்தில் போதிய உயரம் வருவதற்கு முன்பே, திசையைப் பிடித்து வைக்கும் ஹெடிங் மோடைத் தேர்வு செய்யாமல் ஆட்டோபைலட்டைப் போட்டுவிட்டார்கள். விமானம் இடப்பக்கம் சாய்ந்துகொண்டே போனதைத் திருத்தவும் இல்லை. வருடம் நூறு மணி நேரம்கூடப் பறக்காத விமானத்தில் பைலட்டின் கையும் துருப்பிடிக்கும். உங்கள் பட்ஜெட்டில் இன்ஜினுக்கு அடுத்த வரி பயிற்சியாக இருக்கட்டும்.

இப்போது நான் செய்யச் சொல்வது இதுதான். முதலில் மூன்று மாதம், உங்கள் வழக்கமான பயணங்களையே ஒரு பி200 வாடகைக்கு எடுத்துச் செய்யுங்கள். எத்தனை மணி நேரம் பறந்தீர்கள், எத்தனை பேர் ஏறினார்கள், எத்தனை தடவை தேதி மாறியது என்று எழுதி வையுங்கள். வருடக் கணக்கில் 150 மணி நேரத்துக்குக் கீழே நின்றால், என் அனுபவத்தில், வாடகையே லாபம். அதைத் தாண்டினால் வாங்கலாம்.

அந்த மூன்று மாதத்தில் விற்பவரிடமிருந்து சில காகிதங்களின் நகல்களை மட்டும் கேட்டு வாங்குங்கள்: லேண்டிங் கியர், புரொப்பெல்லர் கடைசி ஓவர்ஹால் பதிவுகள், விங் போல்ட் மாற்றிய பதிவு, 1,800 மணி நேர ஹாட் செக்‌ஷன் அறிக்கை, இன்ஜின் டிஸ்க்குகளின் சைக்கிள் கணக்கு (எத்தனை முறை ஓடி நின்றது), ஏடி (கட்டாயப் பாதுகாப்பு உத்தரவு) நிறைவேற்றப் பட்டியல், 2023க்குப் பிறகு இன்ஜினைக் காத்து வைத்ததற்கான குறிப்புகள். கொடுக்கத் தயங்காமல் ஒரு வாரத்தில் அனுப்பிவிட்டால் நல்ல அறிகுறி. அவற்றை எனக்கு அனுப்புங்கள், எவ்வளவு கழித்து விலை கேட்கலாம் என்று வரி வரியாகப் பார்த்துச் சொல்கிறேன். இழுத்தடித்தால், வேறு விமானம் பார்க்கத் தொடங்குங்கள். இந்தியாவில் பறந்துகொண்டிருக்கும் பி200கள் அவ்வப்போது விலைக்கு வந்துகொண்டுதான் இருக்கின்றன.